பழைய ஃபோர்டு காரில் பிக்அப் பெட்டி: குறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

செட்டிநாட்டு வீடுகளின் கார் கொட்டகைகளிலிருந்து வெளியே வரும் பழைய கார்கள் சிலவற்றில் முன்பாதி மட்டுமே உருப்படியாக மிஞ்சியிருக்கிறது. பானெட்டும் முன் இருக்கையும் டாஷ்போர்டும் தேறிவிடும். முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள தகடு துருவாலும், அதைத் தாங்கிய மரம் கரையானாலும் அழிந்திருக்கும். டூரராக, அதாவது பின் இருக்கையும் உள்ள திறந்த காராக, வந்த காரின் பின்பாதியை முழுவதும் புதிதாகச் செய்ய ஆகும் செலவைக் கண்டோ, அந்தக் கார் முன்பே ஒரு காலத்தில் மூட்டை ஏற்றும் வண்டியாக மாற்றப்பட்டிருந்ததற்கான தடயத்தைக் கண்டோ, அதில் பிக்அப் பெட்டி பொருத்திச் சீரமைக்க முடிவு செய்வது நியாயமானதே. ஃபோர்டு நிறுவனமே 1925 ஏப்ரலில் டி மாடல் ரன்அபவுட் (இருவர் அமரும் திறந்த கார்) வகையில் 56 அங்குல நீளமும் 13 அங்குல உயரமும் கொண்ட பெட்டியைத் தொழிற்சாலையில் பொருத்தி 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த ஏ மாடலிலும் பிக்அப் வகை இருந்தது.

கீழே சொல்பவை 1928 முதல் 1931 வரை வந்த ஏ மாடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டு நெடுஞ்சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட சேஸின் மேல் தனியாக உடல் அமரும் வேறு பழைய கார்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். பெட்டியில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை பெட்டியில் பிறந்தவை அல்ல. சேஸ் முறுக்கேறியிருக்கும், அல்லது தாழ்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். அதைப் பெட்டி நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஆகையால் பெட்டியை வெட்டுவதற்கும் நெளிப்பதற்கும் முன் சேஸை அளந்துவிட வேண்டும். பெட்டி தன் எடையாலேயே எல்லா இடத்திலும் ஒருசேர உட்கார வேண்டும். அது நகராமல் பிடித்துக்கொள்வதே போல்டின் வேலை. போல்டை இறுக்கித்தான் பெட்டி உட்காருகிறது என்றால் அந்தப் பொருத்தம் தவறானது.

சட்டம் பற்றியும் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழங்கால வாகனப் பதிவு, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவத்தில் காக்கப்படும் வண்டிகளுக்கு உரியது. சேஸிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்ட வண்டி அந்த வரையறைக்குள் வராது. பழைய பதிவுப் புத்தகத்தில் உடல் வகை என்ன என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து, வேலை தொடங்கும் முன்பே புகைப்படங்களுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேசிவிடுவது நல்லது. டூரர் என்று பதிவான காரில் பெட்டி வைப்பதானால், சேஸில் ஒரு துளை கூடப் புதிதாக இடாமல், ஒரு வெட்டும் வெட்டாமல், நாளை யாரேனும் பழைய உடலை மீண்டும் வைக்க விரும்பினால் வைக்கும்படி பொருத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் தீர்வுகள் எல்லாம் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நிற்பவை.

பெட்டியை வைத்ததும் ஒரு மூலை ஆடுகிறது, அல்லது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

இது முதலில் தெரியும் குறி. அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. ஆடும் மூலையில் போல்டைப் போட்டு இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும்; ஆனால் அந்த முறுக்கு பெட்டிக்குள் போய்விடும். சில மாதங்களில் பின்கதவு சிக்கும், மூலைத் தகட்டில் விரிசல் விழும், பெயின்ட் கோடாக உதிரும். எனவே எதையும் இறுக்காமல், தவறு பெட்டியிலா சேஸிலா காரின் நிற்பிலா என்று மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

பெட்டியை இறக்கி, தரையில் ஒரே உயரமுள்ள நான்கு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள். கட்டைகளின் மேல்முகம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டம் இதற்கு மிக ஏற்றது. தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் அது பொய் சொல்லாது. அங்கும் பெட்டி ஆடினால் முறுக்கு பெட்டியில்தான் இருக்கிறது. அப்போது அடிக்கட்டைகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு நீளக் கட்டைகளில் ஒன்று வளைந்திருப்பதோ, தகட்டையும் கட்டையையும் இணைக்கும் ஆணிகள் வேறு வேறு இழுப்பில் அடிக்கப்பட்டிருப்பதோ பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பெட்டி அங்கே ஆடாமல் நின்றால் அடுத்தது சேஸ். சக்கரங்களின் மேல் நிற்கும் காரில் சேஸை அளப்பது பயனற்றது. ஒரு டயரில் காற்று குறைந்திருந்தாலும் அளவு மாறிவிடும். சேஸின் முன்முனையிலும் பின்முனையிலும் நெடுஞ்சட்டங்களுக்கு அடியில் ஸ்டாண்டுகளைக் கொடுத்து, சக்கரங்கள் தரையிலிருந்து எழும்படி நிறுத்துங்கள். வேலை வீட்டின் கொட்டகையில் நடந்தால், தரை ஆத்தங்குடிக் கல் பாவியதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கல் கண்ணாடியின் மேல் வார்த்து எடுக்கும் சிமென்டுக் கல். ஸ்டாண்டின் இரும்புக் கால் ஒரே புள்ளியில் அழுத்தினால் உடைந்துவிடும். அகலமான தடித்த பலகையை அடியில் போட்டு எடையைப் பரப்பிய பிறகே காரை ஏற்ற வேண்டும்.

இப்போது நெடுஞ்சட்டங்கள் இரண்டின் மேலும் குறுக்காக நேரான ஓர் இரும்புப் பட்டையை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். முன்னால், கேபினுக்கு அடியில், கேபினுக்குப் பின்னால், பின் குறுக்குச் சட்டத்துக்கு அருகில் என்று நான்கு இடங்களிலாவது பார்க்க வேண்டும். குமிழி எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகி நின்றால், ஸ்டாண்டு சாய்ந்திருக்கிறதே தவிர சேஸில் குறை இல்லை. முன்னிருந்து பின்னுக்குப் போகப்போக விலகல் கூடிக்கொண்டே போனால் சேஸ் முறுக்கேறியிருக்கிறது. பிறகு நெடுஞ்சட்டத்தின் நீளத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, உடல் அமரும் பகுதியில் நூலுக்கும் சட்டத்துக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். ஏ மாடலில் நடுப்பகுதி தாழ்ந்துவிடுவது வழக்கமான குறை. கடைசியாக, இடது முன் ரிவிட்டிலிருந்து வலது பின் ரிவிட்டுக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இல்லையென்றால், எப்போதோ ஒரு மூலையில் வாங்கிய இடியால் சேஸ் சாய்சதுரமாகிவிட்டது என்று பொருள்.

தீர்வு அளவைப் பொறுத்தது. ஒரு மூலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை குறைவு என்றால், அந்த இடத்தில் கான்வாஸ் பெல்ட் துண்டையோ தகட்டுப் பேக்கிங்கையோ கொடுத்துச் சமன் செய்யலாம்; தொழிற்சாலையில் உடல் ஏற்றிய காலத்திலும் பேக்கிங் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதற்கு மேல் என்றால் பேக்கிங்கால் மறைக்கக் கூடாது. லாரி சேஸ் நிமிர்த்தும் பட்டறையில், சூடு காட்டாமல், அழுத்தம் கொடுத்து நிமிர்த்தச் சொல்லுங்கள். வாயுச் சுடரால் சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்து இரும்பின் வலு குறையும். பிறகு சுமை ஏற்றும்போது அங்கேயே மடங்கும்.

சேஸும் பெட்டியும் சரியாக இருந்து, காரைத் தரையில் இறக்கியதும் மட்டும் சாய்ந்தால், அது ஸ்பிரிங்கின் கோளாறு. ஏ மாடலுக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு குறுக்கு ஸ்பிரிங் கட்டுதான் உண்டு. பின் ஸ்பிரிங் மேல்நோக்கி வளைந்த பின் குறுக்குச் சட்டத்துக்குள் நடுவில் பிடிக்கப்பட்டு, இரு முனைகளிலும் ஷேக்கிள்களில் (ஸ்பிரிங் முனையை ஆக்ஸிலோடு இணைக்கும், ஊசலாடும் இணைப்பு) தொங்குகிறது. நடு போல்ட் அறுந்து கட்டு ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலோ, ஒரு பக்கப் பட்டை உடைந்திருந்தாலோ கார் சாயும். இந்தக் கட்டு மிகுந்த விசையுடன் வளைத்து மாட்டப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். ஸ்பிரிங்கை விரித்துப் பிடிக்கவென உள்ள கருவியான விரிப்பான் இல்லாமல் ஷேக்கிளையோ நடு போல்டையோ கழற்ற முனைந்தால், பட்டை தெறித்துக் கையையும் முகத்தையும் நொறுக்கிவிடும். விரிப்பான் இல்லாத பட்டறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கேபினுக்கும் பெட்டிக்கும் இடையே இடைவெளி ஒரே சீராக இல்லை, அல்லது ஓட்டும்போது உரசுகிறது

திறந்த சேனல் (ஒரு பக்கம் வாய் திறந்த ‘ப’ வடிவ) சட்டங்களால் ஆன பழைய சேஸ் ஓட்டத்தில் நெளியும். நெளிவதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டது. மேடான வாசலில் ஒரு சக்கரம் ஏறும்போது கேபின் ஒரு பக்கமும் பெட்டி மறுபக்கமும் திரும்பும். ஆகையால் நின்ற நிலையில் கால் அங்குல இடைவெளி அழகாகத் தெரிந்தாலும், ஓட்டத்தில் அது போதாது. முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் விடுவதே என் வழக்கம்.

இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால், பெட்டி சேஸின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லை. கேபினைப் பார்த்துப் பெட்டியைத் திருப்பாதீர்கள். கேபினே கோணலாக இருக்கக்கூடும். சேஸின் முன், பின் குறுக்குச் சட்டங்களின் நடுவைக் குறித்து, அங்கிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து பெட்டியின் இரு பக்கங்களையும் அளந்து பெட்டியை நிறுத்துங்கள். அதன் பிறகும் இடைவெளி கோணலாகத் தெரிந்தால், திருத்த வேண்டியது கேபினை.

மேலே அகலம், கீழே குறுகல் என்றால் இரண்டில் ஒன்றுதான்: பெட்டியின் முன்முனை உயர்ந்திருக்கிறது, அல்லது கேபினின் முன்பகுதி தாழ்ந்து கேபின் முன்னால் சாய்ந்திருக்கிறது. கேபினுக்கு அடியில் இருக்கும் மரக்கட்டைகளை ஊசியால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்த மரம் வெளியே பெயின்டும் வடிவமுமாக நன்றாகவே தெரியும். ஊசி மட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். முன்பக்கக் கதவு இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவாக இல்லாதிருப்பதும் இதற்கு இன்னொரு சான்று. கட்டையை மாற்றாமல் பெட்டியைத் தாழ்த்தினால், வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

போல்ட் துளைகள் ஒத்துவரவில்லை

வேறு காரின் பெட்டியையோ, பட்டறையில் புதிதாகக் கட்டிய பெட்டியையோ வைக்கும்போது இது தவிர்க்க முடியாதது. சேஸில் புதுத் துளை போடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் சேனலின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வளைவு விசையை அதிகம் தாங்குபவை. அங்கே போடும் துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். வெல்டிங் அதைவிடக் கெடுதல். துளையை இட வேண்டிய இடம் பெட்டியின் குறுக்குக்கட்டை. சேஸில் இருக்கும் பழைய துளைகளுக்கு மேல் பெட்டியை நிறுத்தி, கீழிருந்து சுண்ணாம்பு தோய்த்த கம்பியால் குறியிட்டு, கட்டையில் துளையிடுங்கள்.

பழைய துளை அருகில் இல்லாத இடத்தில், யு வடிவப் போல்டால் சேனலைச் சுற்றிப் பிடிக்கலாம். அப்படிப் பிடிக்கும்போது சேனலின் வாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தேக்குக் கட்டையைச் செருக வேண்டும். செருகாவிட்டால் போல்டை இறுக்க இறுக்க இரு விளிம்புகளும் ஒன்றை நோக்கி மற்றொன்று மடங்கும். கட்டையின் மேல்முனையைச் சரிவாகச் சீவிவிட்டால் செம்மண்ணும் தண்ணீரும் அங்கே தேங்காது.

போல்டுகளின் மரை பற்றி ஓர் எச்சரிக்கை. ஃபோர்டின் மரைகள் அங்குலக் கணக்கு. இன்று கடையில் கேட்காமல் கொடுப்பது மில்லிமீட்டர் கணக்கு. 3/8 அங்குல போல்டின் விட்டம் 9.525 மில்லிமீட்டர், அதன் நட்டில் 10 மில்லிமீட்டர் போல்ட் மரையை அழித்துக்கொண்டுதான் உள்ளே போகும். ஏற்கெனவே யாரோ அப்படி ஏற்றிவிட்டுப் போன நட்டுகளும் இந்தக் கார்களில் கிடைக்கும். கையால் முழுதும் ஏறாத எந்தப் போல்டையும் ஸ்பேனரால் ஏற்ற வேண்டாம்.

சுமை ஏற்றினால் டயர் மட்கார்டில் உரசுகிறது

வெறும் பெட்டியுடன் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. ஒரு சிமென்டு மூட்டை 50 கிலோ. நான்கு மூட்டைகளைப் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அடுக்கினால் 200 கிலோ. அந்த நிலையில் டயருக்கும் மட்கார்டுக்கும், ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஒரே அளவு இறங்கி உரசினால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. அல்லது முதலிலிருந்தே அந்தக் கட்டு மூட்டை சுமப்பதற்கானது அல்ல. ஃபோர்டு 1925ஆம் ஆண்டுப் பிக்அப்பில் வலுக் கூட்டிய பின் ஸ்பிரிங்கைப் பொருத்தியதற்குக் காரணம் இதுதான். பட்டைகளைப் பிரித்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, பட்டைகளுக்கு இடையே கிரீஸ் தடவி மீண்டும் கட்டுவதே முறை. மட்கார்டை உயர்த்திக் கட்டுவது குறியை மறைக்கும் வேலை.

ஒரு பக்கம் மட்டும் உரசினால் ஆக்ஸில் நடுவில் இல்லை. இரண்டு பின் டயர்களின் உள்பக்கத்துக்கும் அருகிலுள்ள நெடுஞ்சட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, வித்தியாசத்தில் பாதி அளவு ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். பெட்டியின் பக்கத்தில் ஒருவர் நின்று தள்ளும்போது இன்னொருவர் அடியில் ஷேக்கிளைப் பார்க்க வேண்டும். குறுக்கு ஸ்பிரிங் கொண்ட காரில் பக்கவாட்டு அசைவைத் தடுப்பது பெரும்பாலும் ஷேக்கிளும் அதன் புஷ்ஷும்தான். அவை தேய்ந்திருந்தால் திருப்பங்களில் முழு உடலும் வழுக்கும். நின்ற இடத்தில் உரசாத டயர் திருப்பத்தில் உரசும். டயர் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 1928, 1929 கார்களுக்கு 21 அங்குலச் சக்கரம், 1930, 1931 கார்களுக்கு 19 அங்குலம். ஜீப்புக்கான அகல டயரை மாட்டிவிட்டு உரசலுக்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

பின்கதவு சிக்குகிறது, அல்லது சுமை இருக்கும்போது மூடவே முடியவில்லை

காலியாக இருக்கும்போது மூடி, சுமை ஏற்றியதும் மூடாவிட்டால் பெட்டியின் பக்கங்கள் விரிகின்றன. பக்கத் தகடுகளின் மேல் ஓரத்தில் இடைவெளியை முன்னாலும் நடுவிலும் பின்னாலும் அளந்து, சுமையுடன் மீண்டும் அளந்தால் விரிவு தெரிந்துவிடும். பின் குறுக்குக்கட்டையிலிருந்து பக்கத் தகட்டின் வெளிப்புறத்துக்கு ஏறும் தாங்கு இரும்புகள் தளர்ந்திருக்கும். அவற்றைச் சரிசெய்வதே போதும்.

காலியாக இருக்கும்போதே சிக்கினால் பெட்டி சதுரமாக இல்லை. பொருத்தும் வரிசையில் ஒரு மாற்றம் செய்தாலே இது பெரும்பாலும் வராது. கதவை மூடி, கொக்கியை மாட்டி, மூலைவிட்டங்கள் சமமாக இருப்பதைச் சரிபார்த்த பிறகுதான் அடிப் போல்டுகளை இறுக்க வேண்டும். அதுவும் ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டியைப் பொருத்துவது இப்பகுதிப் பட்டறைகளில் பரவலாக இருக்கும் பழக்கம். உள்ளே ஏறி வேலை செய்ய அது வசதிதான். ஆனால் கதவு என்பது பெட்டியின் நான்காவது சுவர் என்பதை அது மறந்துவிடுகிறது.

ஓட்டத்தில் சத்தம்

சத்தத்தின் தன்மையே இடத்தைச் சொல்லும். கலகலவென்று மெல்லிய இரும்புச் சத்தம் பின்கதவின் சங்கிலியும் கொக்கியும் செய்வது. சங்கிலிக்குத் தோல் உறையோ ரப்பர்க் குழாயோ போட்டால் தீரும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஒற்றையாக ‘டொக்’ என்றால் ஏதோ ஒரு போல்டின் அடியில் இடைவெளி இருக்கிறது. கிறீச்சென்று மரமும் இரும்பும் தேயும் சத்தம் அடிக்கட்டை சேஸில் நேராகப் படுவதால் வருகிறது. பெட்டியை மறுபடி தூக்க நேர்ந்தாலும் சரி, கட்டைக்கும் சேஸுக்கும் இடையே முழு நீளத்துக்குக் கான்வாஸ் பட்டை போடுங்கள். அரிசி மில்களில் கழித்துப்போடும் பெல்ட் இதற்குப் பொருத்தமானது. எங்கிருந்து என்று பிடிபடாத சத்தத்துக்கு, பின்கதவைக் கழற்றிவிட்டு ஒரு முறை, தரைப்பலகைகளைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதே விரைவான வழி.

தரைப்பலகைகள் வளைகின்றன, பிளக்கின்றன

காரைக்குடியில் இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு உத்திரங்களும் நிலைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. பிக்அப் பெட்டியின் தரைக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது; பல பத்தாண்டுகள் கூரைக்கு அடியில் காய்ந்த மரம் இனிமேல் அதிகம் சுருங்காது. ஆனால் அறுப்பதற்கு முன் வலுவான காந்தத்தை எல்லாப் பக்கங்களிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தலை ஒடிந்து உள்ளே தங்கிய ஓர் ஆணி வாளின் பல்லை முறிப்பதோடு, தெறித்து ஆளையும் காயப்படுத்தும்.

இவ்வளவு காய்ந்த மரம்கூட ஐப்பசி மழையில் ஈரம் குடித்துப் பருக்கும். சித்திரை வெயிலில் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்த பலகைகள் மழைக்காலத்தில் ஒன்றையொன்று தள்ளி, நடுவில் மேலெழும்பும். தள்ள இடம் இல்லாவிட்டால் பக்கத் தகட்டையே வெளியே தள்ளும். எனவே ஐந்தாறு அங்குல அகலத்துக்கு மேல் போகாத பலகைகளாக அறுத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இடைவெளிகளின் மேல் இரும்புப் பட்டையை ஓட்டி, பட்டையின் வழியாகவே போல்டு போடுங்கள். பலகையில் துளையிட்டு நேரடியாகப் பிணைக்காமல், பட்டையின் அழுத்தத்தால் பிடித்தால், பலகை பருக்கவும் சுருங்கவும் முடியும், பிளக்காது. நான்கு முகங்களுக்கும் முனைகளுக்கும் எண்ணெய் பூசிய பிறகே பலகையை வைக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதானால், தேக்கின் இயல்பான எண்ணெயைத் தின்னரால் துடைத்து எடுக்காமல் அடித்த பூச்சு உரிந்துவிடும்.

பெட்டி பொருத்திய பிறகு பின்விளக்கு மங்குகிறது, பிரேக் பிடித்துக்கொள்கிறது

இரண்டும் பெட்டியோடு தொடர்பில்லாதவை போலத் தோன்றுவதால் வேறெங்கோ தேடப்படுகின்றன. ஏ மாடலின் மின்சாரம் 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் பக்கம்தான் சேஸோடு இணைந்திருக்கும். பின்விளக்கின் மின்சுற்று, அதன் தாங்கி வழியாகச் சேஸுக்குத் திரும்புகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த தாங்கியும், கான்வாஸ் பட்டையின் மேல் அமர்ந்த பெட்டியும் அந்த வழியை அடைத்துவிடும். விளக்கின் உடலிலிருந்து பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குத் தனியாக ஒரு வயரைப் பிடித்துப் பாருங்கள்; விளக்கு பளிச்சென்று எரிந்தால் கோளாறு இதுவே. விளக்கிலிருந்து சேஸின் சுரண்டிய இடத்துக்குத் தடித்த எர்த் வயர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். 6 வோல்ட்டில் அதே வெளிச்சத்துக்கு 12 வோல்ட்டைவிட இரு மடங்கு கரன்ட் ஓடும் என்பதால், மெல்லிய வயர் உதவாது.

பிரேக்கோ முழுவதும் கம்பிகளால் இயங்குவது. பெட்டிப் போல்டு ஒன்றின் முனை அளவுக்கு மீறி நீண்டு கீழே தொங்கினால், சுமையில் உடல் இறங்கும்போது அது பிரேக் கம்பியை அழுத்தும். மிதியைத் தொடாமலே ஒரு சக்கரம் பிடித்துக்கொள்ளும். சுமையுடன் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால், அந்தப் பக்கத்துப் போல்டு முனைகளைப் பார்த்து, நட்டுக்கு வெளியே இரண்டு மரை மட்டும் நிற்கும்படி அறுத்துவிட வேண்டும். இந்தச் சோதனையை முடிக்காமல் காரைத் திருமயம் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

பெயின்ட் கொப்புளிக்கிறது, இணைப்புகளில் சிவப்பு நீர் வடிகிறது

காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராயும் முக்கியப் பொருள்களில் ஒன்று உலோக அரிமானம். அதன் அடிப்படை விதி ஒன்றே நமக்குப் போதுமானது: இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் நேரடியாகப் பிணைத்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். துத்தநாகம் பூசிய தகட்டில் பித்தளைத் திருகு போட்டால் திருகைச் சுற்றித் துத்தநாகம் முதலில் போய், பிறகு இரும்பு துருப்பிடிக்கும். கொப்புளம் திருகைச் சுற்றி வட்டமாக வந்தால் காரணம் இதுதான். தகடும் திருகும் ஒரே வகை உலோகமாக இருக்கட்டும், முடியாத இடத்தில் ரப்பர் வாஷரும் கான்வாஸும் இடையே வரட்டும்.

கொப்புளம் கீழ் ஓரத்தில் நீளவாக்கில் வந்தால் தண்ணீர் தேங்குகிறது. பெட்டியின் நான்கு மூலைகளிலும் தரையின் தாழ்ந்த இடத்தில் வடிதுளை இருக்க வேண்டும். சக்கரத்துக்கு நேர் பின்னால் சேனலுக்குள் நம் ஊர்ச் செம்மண் படிந்து, மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். பெட்டி ஏறிய பிறகு அங்கே கை போகாது. ஆகவே பெட்டியை ஏற்றுவதற்கு முன்பே சேனலின் உட்புறத்தை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, துத்தநாகப் பாஸ்பேட் பிரைமரை இரண்டு கை அடித்து, போல்டுத் துளைகளின் உள் ஓரங்களுக்கும் தூரிகையால் தனியாகப் பூசுங்கள். முதல் மழைக்காலம் முடிந்த மார்கழியில் தரைப்பலகையில் ஒன்றைக் கழற்றி, சேனலுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்து, சேர்ந்த மண்ணைக் கழுவி எடுத்து, மரம் சுருங்கியதால் தளர்ந்திருக்கும் எல்லா அடிப் போல்டுகளையும் அகல வாஷரோடு மீண்டும் ஒரு முறை இறுக்க வேண்டும்.